எண்ணெய்க் கிணறும் பழைய ஃப்ளாப்பியும்



"கம்ப்யூட்டரைப் பத்தி எழுதுங்க, ஆனா சரித்திரமா இருக்கணும்" என்று மலர்க் குழுவினர் கேட்டுக்கொண்டார்கள். கம்ப்யூட்டருக்குச் சரித்திரமா, அதுவும் நாங்குநேரிப் பக்கத்திலா என்று முதலில் மலைப்பாகத்தான் இருந்தது. ஆனால் யோசித்துப் பார்த்தால், கம்ப்யூட்டர் வருவதற்கு வெகு காலம் முன்பே இந்தக் கதை நம் நெல்லைச் சீமையில் ஆரம்பித்துவிட்டது. பழசாகிப்போன பொருளைத் தூக்கி எறிவதா, அதற்குள் இருக்கும் அறிவை எடுத்து வைத்துக்கொள்வதா என்ற கேள்விதான் அது. அன்றைக்கு அந்தப் பொருள் பனையோலை. இன்றைக்கு ஹார்ட் டிஸ்க்.

ஒரு கோயிலின் ஏற்பாடு

நாங்குநேரி வானமாமலைப் பெருமாள் கோயிலுக்கு ஒரு தடவையாவது போகாதவர்கள் நம்மில் குறைவு. பெருமாளுக்குத் தினமும் தைலக்காப்பு நடக்கிறது. சாத்திய எண்ணெயை வெளியே கொட்டிவிடுவதில்லை. கோயிலுக்குள்ளேயே இருக்கும் எண்ணெய்க் கிணற்றில் சேர்த்து வைக்கிறார்கள். அதை நோய் தீர்க்கும் மருந்து என்று நம்பி ஜனங்கள் வாங்கிக்கொண்டு போகிறார்கள். நம்பிக்கை அவரவர் விருப்பம். ஒரு என்ஜினீயராக நான் பார்ப்பது அந்த ஏற்பாட்டைத்தான். ஒரு பொருள் முதல் உபயோகம் முடிந்தபின் எங்கே போகவேண்டும் என்பதை, அது முடிவதற்கு முன்பே யோசித்து வைத்திருக்கிறார்கள்! இன்று 'கழிவு மேலாண்மை' என்று பாடம் நடத்துகிறோமே, அதன் சாரம் இவ்வளவுதான்.

நெருப்புக்குப் போன ஏடுகள்

எல்லா இடத்திலும் இப்படி நடக்கவில்லை. உ.வே. சாமிநாதையர் பழைய இலக்கியச் சுவடிகளைத் தேடி ஊர் ஊராக அலைந்தது எல்லோருக்கும் தெரிந்த கதை. அவர் கரிவலம்வந்தநல்லூருக்கும் போனார். அன்று திருநெல்வேலிச் சீமை. 2019க்குப் பின் தென்காசி மாவட்டம். பாண்டிய அரசர் ஒருவரின் ஏட்டுத் தொகுதி அங்கே கோயிலில் இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனவருக்குக் கிடைத்தது அதிர்ச்சிதான். பழுதான ஏடுகளை நெய்யில் தோய்த்து ஹோமத்தில் இட்டுவிட்டார்களாம். சாஸ்திரம் அப்படித்தான் சொல்கிறது என்று பதிலும் வந்தது. 'என் சரித்திரம்' நூலில் ஐயர் இதை வேதனையோடு எழுதியிருக்கிறார்.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எரித்தவர்கள் ஏட்டை அவமதித்து எரிக்கவில்லை. மரியாதையோடு, முறைப்படிதான் எரித்தார்கள். குறை எங்கே என்றால், நெருப்புக்குக் கொடுப்பதற்கு முன் "இதில் என்ன எழுதியிருக்கு, வேற பிரதி இருக்கா?" என்று பிரித்துப் பார்க்க ஆள் இல்லை. முறையான அழிப்பு என்பது வேறு, யோசித்துச் செய்த அழிப்பு என்பது வேறு. இந்த வித்தியாசம் நம் காலத்துக்கும் அப்படியே பொருந்துவதைப் பின்னால் பார்ப்போம்.

நாங்குநேரிக்காரர் ஒருவர்

எடுத்து வைத்தவர்களும் நம் மண்ணில் உண்டு. பேராசிரியர் நா. வானமாமலை 1917இல் நாங்குநேரியில் பிறந்தவர். ஆசிரியர் வேலை பார்த்துவிட்டு, பிறகு பாளையங்கோட்டையில் தனிப்பயிற்சிக் கல்லூரி நடத்தினார். 1967இல் நெல்லை ஆய்வுக் குழுவைத் தொடங்கினார். 1969 முதல் 'ஆராய்ச்சி' என்ற இதழை நடத்தினார். 1980இல் மறைந்தார். நாற்று நடும் பெண்களும், வண்டி ஓட்டுகிறவர்களும், தாலாட்டும் பாட்டிமார்களும் பாடியதை இலக்கியம் என்று பல புலவர்கள் ஒப்புக்கொள்ளாத காலத்தில், அவரும் அவருடைய தோழர்களும் அவற்றைத் தேடித் தேடி எழுதிக்கொண்டார்கள். 1964இல் 'தமிழர் நாட்டுப் பாடல்கள்' வெளிவந்தது. முத்துப்பட்டன் கதை, ஐவர் ராசாக்கள் கதை போன்ற கதைப்பாடல்களையும் பதிப்பித்தார்.

அந்தப் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டினால் என் போன்ற கம்ப்யூட்டர்க்காரனுக்கு ஓர் ஆச்சரியம் காத்திருக்கும். பல பாடல்களுக்குக் கீழே வட்டார வழக்குச் சொற்களுக்கு விளக்கம், உதவியவர் யார், சேகரித்தவர் யார், எந்த இடம் என்று வரிசையாகக் குறித்திருக்கிறார்கள். இன்றைக்கு மெஷின் லேர்னிங் துறையில் இதற்கு 'மெட்டாடேட்டா' என்று பெயர் வைத்து, இது இல்லாத தரவை மதிப்பு குறைந்தது என்று ஒதுக்குகிறார்கள். நாங்குநேரிக்காரர் ஒருவரின் புத்தகத்தில், ஒரு கம்ப்யூட்டரும் இல்லாமல், 1964லேயே இது இருக்கிறது!

ஃப்ளாப்பி காலத்துத் தமிழ்

இனி நம் தலைமுறைக்கு வருவோம். மலரின் மூத்த வாசகர்களுக்கு 1990களின் கம்ப்யூட்டர் லேப் ஞாபகம் இருக்கும். செருப்பை வெளியே கழற்றிப் போட்டுவிட்டு ஏ.சி. அறைக்குள் போன காலம். மூன்றரை அங்குல ஃப்ளாப்பியில் கொள்ளளவு 1.44 எம்.பி. கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் அன்றைய தமிழ் எழுத்துருக்களில் அதில் சுமார் 14 லட்சம் எழுத்துக்குறிகள் அடங்கும். அதாவது, ஒரு தடித்த ஆண்டு மலரே ஒரு ஃப்ளாப்பிக்குள் வந்துவிடும்.

சங்கடம் வேறு இடத்தில் இருந்தது. அன்றைய தமிழ் எழுத்துரு ஒவ்வொன்றும் ஒரு தனி ராஜ்யம். பாமினி எழுத்துருவில் 'அம்மா' என்று அடித்தால், கம்ப்யூட்டருக்குள் போய் உட்காருவது எம், கே, அரைப்புள்ளி, மறுபடி கே, எச் என்ற இங்கிலீஷ் குறிகள். அந்த எழுத்துரு இருக்கிறவரை திரையில் 'அம்மா' தெரியும். இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் பேய் எழுதினது மாதிரி இருக்கும். முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல், கல்யாணசுந்தரத்தின் மயிலை என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஏற்பாடு. 1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டையொட்டி தமிழ்நாடு அரசு டாம், டாப் என்ற குறியீடுகளையும் தமிழ்99 விசைப்பலகையையும் தரப்படுத்தியது. அதே சமயம் இணையத் தமிழர்கள் திஸ்கியில் எழுதிக்கொண்டிருந்தார்கள். யூனிகோடில் 1991லேயே தமிழுக்கு இடம் கிடைத்திருந்தாலும், விண்டோஸ் 2000 வந்த பிறகுதான் சாதாரண கம்ப்யூட்டரில் அது புழக்கத்துக்கு வர வழி பிறந்தது. தமிழ்நாடு அரசு யூனிகோடை அதிகாரபூர்வமாக ஏற்றது 2010இல்.

ஆக, 1980களின் கடைசியிலிருந்து ஏறக்குறைய இருபது வருஷம் தமிழில் அடிக்கப்பட்ட மலர்கள், ஆய்வேடுகள், பாடக்குறிப்புகள், சிறு பத்திரிகைகள் எல்லாம் இந்தத் தனி ராஜ்யங்களுக்குள் மாட்டிக்கொண்டன. கொஞ்சம் பேர் விழித்துக்கொண்டார்கள். 1998 பொங்கலன்று சுவிட்சர்லாந்திலிருந்து கல்யாணசுந்தரமும் அமெரிக்காவிலிருந்து குமார் மல்லிகார்ஜுனனும் தொடங்கிய மதுரைத் திட்டத்தில், உலகம் முழுக்க இருக்கும் தமிழர்கள் சம்பளம் வாங்காமல் பழைய நூல்களைத் தட்டச்சு செய்தார்கள். பழைய குறியீடுகளில் இருந்தவற்றைப் பிறகு யூனிகோடுக்கும் மாற்றினார்கள். மற்றவை? ஃப்ளாப்பியோடு பீரோவுக்குள் போயின. சோனி நிறுவனம் 2011இல் ஃப்ளாப்பித் தயாரிப்பையே நிறுத்திவிட்டது. படிக்கிற கருவி போய்விட்டால், பொருள் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

வீட்டுக்கு வீடு ஒரு கண்ணாடிக் குழாய்

இனி எறிகிற கதை. 2006 முதல் 2011 வரை தமிழ்நாடு அரசு ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட இலவசக் கலர் டி.வி.க்களைக் கொடுத்தது. 2011இல் தொடங்கிய திட்டத்தில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட லேப்டாப்கள் மாணவர் கைக்குப் போயின. இரண்டையும் நான் குறை சொல்லப்போவதில்லை. வீட்டில் முதல் கம்ப்யூட்டராக அந்த லேப்டாப்பைத் தொட்டவர்கள் நம் கல்லூரியிலேயே நிறையப் பேர். ஆனால் ஒரு காலத்தில் ஊரெல்லாம் ஒரே சமயத்தில் புதுசாக வந்த பொருள், ஊரெல்லாம் ஏறக்குறைய ஒரே சமயத்தில் பழசாகவும் ஆகும். எங்கள் பக்கத்தில் அந்த டி.வி. கூட்டைக் குடைந்து கோழி அடைக்கிறவர்களைக்கூடப் பார்த்திருக்கிறேன்.

கூட்டைக் குடையலாம், சரி. உள்ளே இருந்த கண்ணாடிக் குழாய் எங்கே போச்சு? பழைய டி.வி., மானிட்டர் குழாய்களின் கண்ணாடியில் ஒரு கிலோவுக்குக் குறையாமல் ஈயம் கலந்திருப்பது சாதாரணம். கதிர்வீச்சைத் தடுப்பதற்காகச் சேர்த்தது அது. உடைத்து ஓடையோரம் போட்டால் மழைத் தண்ணீரோடு குளத்துக்குத்தான் வரும். ஊர்ப் பெயரிலேயே ஏரி இருக்கிற நாங்குநேரியில், குளத்துத் தண்ணீரை நம்பிப் பிழைக்கிற ஜனங்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. வயரைக் கொளுத்திச் செம்பு எடுப்பதும், போர்டுகளை ஆசிடில் முக்கித் தங்கம் எடுப்பதும் டெல்லி சீலம்பூரிலும் மொராதாபாத்திலும் குடிசைத் தொழிலாகவே நடந்துவந்திருக்கின்றன. செய்கிறவர்கள் ஏழைகள். புகை அவர்களுடைய நுரையீரலுக்கு, லாபம் வேறு ஆளுக்கு.

சட்டம் இல்லாமல் இல்லை. ஒரு நாடு தன் விஷக் குப்பையை இன்னொரு நாட்டில் கொட்டுவதைக் கட்டுப்படுத்தும் பாசல் ஒப்பந்தம் 1989இல் உருவாகி 1992இல் அமலுக்கு வந்தது. தமிழ்நாடு 2010இல் மின்னணுக் கழிவுக்கென்று கொள்கை வெளியிட்டது. மத்திய அரசின் விதிகள் 2011இல் வெளியாகி 2012 மே முதல் நடைமுறைக்கு வந்தன. 2016இல் திருத்தி எழுதப்பட்டன. 2022இல் மறுபடி புதிதாக எழுதப்பட்டு 2023 ஏப்ரல் முதல் அமலில் இருக்கின்றன. அந்த விதிகளின்படி, ஆண்டில் எப்போதாவது 1,000 கருவிகளுக்குக் குறையாமல் உபயோகிக்கும் நிறுவனம் 'மொத்தப் பயனீட்டாளர்'. அது தன் மின்னணுக் கழிவை முறையாகப் பதிவு பெற்ற வழியில்தான் ஒப்படைக்க வேண்டும். பல லேப், ஹாஸ்டல், ஆபீஸ் உள்ள பெரிய கல்லூரி எதுவும் இந்தக் கணக்குக்குள் வந்துவிடும். இவ்வளவு இருந்தும், ஐ.நா. அமைப்புகளின் கணக்குப்படி 2022இல் உலகம் எறிந்த 6 கோடியே 20 லட்சம் டன் மின்னணுக் கழிவில் முறைப்படி சேகரித்து மறுசுழற்சி ஆனது 22.3 சதவீதம்தான்.

இயந்திரத்தின் பசி

"அதெல்லாம் சரி அண்ணாச்சி, மெஷின் லேர்னிங் எங்க வந்துச்சு?" என்று கேட்கலாம். இதோ வந்துவிட்டது.

பழைய புரோகிராமில் விதியை நாம் எழுதிக் கொடுப்போம். மெஷின் லேர்னிங்கில் உதாரணங்களைக் குவித்துக் கொடுத்து, விதியை இயந்திரமே கண்டுகொள்ளும்படி விடுகிறோம். மொழி இயந்திரங்களுக்கு உதாரணம் என்றால் எழுத்து. கோடிக்கணக்கான வாக்கியங்களைப் படித்து, எந்தச் சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரும் என்று பழகிக்கொள்கின்றன. 2020இல் வந்த ஜி.பி.டி.-3 ஏறக்குறைய 30,000 கோடி சொல் துண்டுகளைக் கொண்டு பயிற்சி பெற்றது. அதில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் இங்கிலீஷ். இணையத்தைச் சேகரித்து வைக்கும் காமன் க்ரால் என்ற பெருங்கிடங்கில் தமிழின் பங்கு ஆயிரத்தில் ஒன்றுகூடக் கிடையாது. எட்டுக் கோடிக்குக் குறையாத ஜனங்கள் பேசும் மொழிக்கு இந்த நிலைமை!

ஏன் இப்படி? தமிழர்கள் எழுதவில்லையா? நிறைய எழுதினார்கள். அதில் ஒரு பெரும் பங்கு அச்சில் மட்டும் நின்றுவிட்டது. இன்னொரு பங்கு நான் மேலே சொன்ன தனி ராஜ்யங்களுக்குள் மாட்டிக்கொண்டது. பழைய எழுத்துருவில் இருந்த தமிழை இயந்திரம் தமிழ் என்றே அடையாளம் காணாது. உளறல் என்று ஒதுக்கிவிடும். மிஞ்சுவது செய்தித்தாள் தமிழும், இங்கிலீஷிலிருந்து பெயர்த்த தமிழும். அதைப் படித்து வளர்ந்த இயந்திரத்திடம் நம்ம ஊர் வழக்கில் "ஏல, அங்ஙன என்னத்தல பாக்க?" என்று கேட்டால் திருதிருவென்று முழிக்கத்தான் செய்யும். நாளைக்கு மருத்துவமனையிலும் வங்கியிலும் தாலுகா ஆபீசிலும் இந்த இயந்திரங்கள்தான் உட்காரப்போகின்றன என்றால், முழிக்கப்போவது இயந்திரம் இல்லை. எதிரே நிற்கிற நம் ஆத்தாவும் தாத்தாவும்.

முயற்சிகள் நடக்கின்றன. தமிழ் விக்கிப்பீடியா 2003 முதல் வளர்ந்து ஒன்றரை லட்சம் கட்டுரைகளைத் தாண்டிவிட்டது. மத்திய அரசின் பாஷினி திட்டம் 2022இல் தொடங்கியது. சென்னை ஐ.ஐ.டி.யின் ஏஐ4பாரத் குழு, தமிழ் உட்பட 22 மொழிகளில் மாவட்டம் மாவட்டமாகப் போய் ஆயிரக்கணக்கான மணி நேரப் பேச்சைப் பதிவு செய்திருக்கிறது. இவையெல்லாம் புதிதாகச் சேர்ப்பவை. ஏற்கனவே எழுதப்பட்டு, ஸ்டோர் ரூம்களில் தூங்கிக்கொண்டிருப்பதை யார் எடுப்பது?

இந்தப் பசிக்கு இன்னொரு முகமும் உண்டு. இயந்திரங்களைப் பயிற்றுவிக்கும் சர்வர்கள் சில வருஷங்களிலேயே பழசாகின்றன. 2020 முதல் 2030 வரை இந்த வகை இயந்திரங்களால் மட்டும் மொத்தம் 12 லட்சம் முதல் 50 லட்சம் டன் வரை மின்னணுக் கழிவு சேரக்கூடும் என்று 2024இல் ஓர் ஆய்வு கணித்தது. பழைய கழிவுக்குள் கிடக்கும் எழுத்துக்கு ஏங்குகிற இயந்திரமே, புதிய கழிவையும் உண்டாக்குகிறது. விசித்திரம்தான்!

அழிப்பதா, எடுப்பதா?

இங்கேதான் உண்மையான சிக்கல். பழைய டிஸ்க்கை அப்படியே காயலான் கடைக்குப் போடுவது ஆபத்து. ஃபைலை 'டெலீட்' செய்தால் அழிந்துவிட்டது என்று நினைக்கிறோம். சாதாரண ஹார்ட் டிஸ்க்கில் அழிவது அட்டவணையிலிருந்து பெயர் மட்டுமே. மேலே வேறு எழுதும்வரை விஷயம் அப்படியே கிடக்கும். அமெரிக்காவில் எம்.ஐ.டி. மாணவர்கள் இருவர் 158 பழைய டிஸ்க்குகளை விலைக்கு வாங்கி ஆராய்ந்து 2003இல் எழுதினார்கள். வேலை செய்த 129இல் முறையாகத் துடைக்கப்பட்டவை 12 மட்டும்! ஒரு கல்லூரியின் டிஸ்க்கில் மார்க், ஜாதிச் சான்றிதழ், அப்பா வருமானம், போன் நம்பர் எல்லாம் இருக்கும். இவை அழியத்தான் வேண்டும். 2023இல் நிறைவேறிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் நோக்கமும் அதுவே.

ஆகையால் நல்ல மறுசுழற்சி நிறுவனம் என்ன செய்யும்? டிஸ்க்கைப் பொடிப்பொடியாக அரைத்துச் சான்றிதழும் தரும். அதாவது, எவ்வளவு ஒழுங்காக ஒப்படைக்கிறோமோ அவ்வளவு உறுதியாக உள்ளே இருக்கும் தமிழும் போய்விடும்! கரிவலம்வந்தநல்லூர் ஹோமம் மாதிரியேதான். மரியாதையான, முறையான அழிப்பு; ஆனால் பிரித்துப் பார்க்க ஆள் இல்லை. விதிகளும் இதற்கு உதவாது. அவை கிலோவில் எண்ணுகின்றன. தங்கம், செம்பு, அலுமினியம், இரும்பு எவ்வளவு மீண்டது என்று கணக்குக் கேட்கின்றன. எழுத்து எவ்வளவு மீண்டது என்று எந்தப் படிவமும் கேட்பதில்லை.

கண்மூடித்தனமாக எடுத்துக் கொடுப்பதும் தவறு. மகாராஷ்டிரத்தின் தபோல் மின்நிலையம் மூலம் நமக்கும் தெரிந்த என்ரான் கம்பெனி 2001இல் திவாலானது. விசாரணை செய்த அமெரிக்க அமைப்பு 2003இல் அதன் ஊழியர் சுமார் 150 பேரின் லட்சக்கணக்கான மின்னஞ்சல்களை வெளியிட்டது. ஆராய்ச்சியாளர்களுக்குக் கொண்டாட்டம்; வருஷக்கணக்காக இயந்திரங்களுக்கு அதுதான் பாடப்புத்தகம். ஆனால் ஊழியர்களின் சொந்தக் குடும்ப விவகாரங்களும் அதில் ஊருக்கே தெரிந்துபோயின. பிறகு கேட்டுக்கொண்டவர்களின் கடிதங்களை எடுக்க வேண்டியதாயிற்று. கொட்டின பாலை அள்ளின கதைதான்.

அப்படியென்றால் முடிவு எங்கே எடுக்கப்பட வேண்டும்? அரைக்கும் ஆலையிலும் இல்லை, காயலான் கடையிலும் இல்லை. பொருள் வாசலைத் தாண்டுவதற்கு முன், அதில் என்ன இருக்கிறது என்று தெரிந்த மனிதர் கையில். வேறு யாராலும் பிரிக்க முடியாது.

நாம் செய்யக்கூடியது

பெரிய திட்டம் எதுவும் வேண்டாம். ஒரு பழக்கம் போதும். கல்லூரி எந்தக் கம்ப்யூட்டரைக் கழித்தாலும், கழிக்கும் பட்டியலில் ஒரு பத்தி கூடுதலாகப் போடலாம்: 'உள்ளே பார்த்தாச்சா? பார்த்தவர் யார்?' பார்ப்பவர் மூன்றாகப் பிரிக்கட்டும். ஆண்டு மலர், பாடக்குறிப்பு, நாடக வசனம், நாட்டுப்பாடல் ஒலிப்பதிவு போன்றவை ஒரு பக்கம். எழுதியவரின் சம்மதம் வாங்கி, யூனிகோடுக்கு மாற்றி, யார், எந்த ஊர், எந்த வருஷம் என்ற குறிப்போடு நூலகத்துக்கு. சொந்த விவரங்கள் இன்னொரு பக்கம், துடைத்து அழிப்பதற்கு. மிச்சமுள்ள இரும்பும் கண்ணாடியும் பதிவு பெற்ற மறுசுழற்சியாளருக்கு. காயலான் கடையில் கிலோவுக்கு நாலு ரூபாய் கூடக் கிடைக்கும் என்றாலும் வேண்டாம்.

இன்றைய மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. ஃபைனல் இயர் புராஜெக்டுக்குத் தலைப்பு கிடைக்கவில்லை என்று அலைகிறீர்களே, பழைய எழுத்துருக் கோப்புகளைத் தானாகவே அடையாளம் கண்டு யூனிகோடாக்கும் மென்பொருளைச் செய்யுங்கள். பாமினிக்கும் திஸ்கிக்கும் மாற்றிகள் ஏற்கனவே இருக்கின்றன. எது எந்த எழுத்துரு என்று தெரியாமல் குவிந்து கிடக்கும் ஃப்ளாப்பிகளில்தான் வேலை இருக்கிறது. மெஷின் லேர்னிங்கை நம் ஊர்ப் பிரச்சினையில் பழகிப் பார்க்க இதைவிட நல்ல இடம் இல்லை.

மூத்தவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பீரோவில், பரண்மேல், கல்யாணப் பத்திரிகைக் கட்டுக்குள் எங்காவது ஒரு ஃப்ளாப்பியோ, சி.டி.யோ, கேசட்டோ கிடக்கும். அந்தக் காலத்துக் கல்லூரிக் கவிதையாக இருக்கலாம், ஹாஸ்டல் டே நாடகமாக இருக்கலாம், உங்கள் ஆச்சி பாடின தாலாட்டாகவும் இருக்கலாம். காந்தப் பூச்சு நாளுக்கு நாள் உதிர்ந்துகொண்டேதான் இருக்கும், நமக்காகக் காத்திருக்காது. சந்திப்புக்கு வரும்போது அதை மறக்காமல் பையில் போட்டுக்கொண்டு வாருங்கள். யு.எஸ்.பி.யில் செருகும் ஃப்ளாப்பி டிரைவ் ஒன்று என்னிடம் இருக்கிறது, நான் கொண்டுவருகிறேன். உள்ளே என்ன இருக்கிறது என்று சேர்ந்தே திறந்து பார்ப்போம்.